பேர் போட்ட பாட்டு

அத்தியாயம் பதினேழு

செவ்வாய்க்கிழமை காலை ஜெபம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

சுவிசேஷமுத்து ஜன்னலோரம் தன் வயர் நாற்காலியில் இருந்தார். மடியில் வேதாகமம் மூடப்படாமல் கிடந்தது. அவருக்கு எதிரே, வீட்டில் இருக்கும் ஒரே நல்ல பிளாஸ்டிக் நாற்காலியில், வக்கீல் சிவகணேஷ். மகன் எஸ்றா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்து, லேப்டாப்பை முழங்காலில் வைத்திருந்தான். சாரம்மாள் கட்டிலின் கால்மாட்டில் அமர்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மருமகள் பெர்சிஸ் மட்டும் உட்காரவில்லை. அடுக்களை நிலைப்படியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றாள். அடுப்பில் பால் வைத்திருந்தாள். கண் மட்டும் லேப்டாப்பை விட்டு நகரவில்லை.

"வெள்ளிக்கிழமை மத்தியானம்," என்றான் எஸ்றா. "அதுக்குள்ள ஒரு முடிவு வரலைன்னா சேனல் போயிரும். ஒரு வீடியோ, ரெண்டு வீடியோ இல்ல. மொத்தமும்."

தொடர்ந்து படித்துவருகிறவர்களுக்கு இந்தக் கெடு தெரியும். இந்த வாரம்தான் நம்மோடு சேர்கிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடலாம்.

கங்கைகொண்டானில் எஸ்றா பார்த்துவந்த ஒப்பந்த வேலை ஜூன் மாதத்தோடு முடிந்துபோனது. அன்றிலிருந்து பாளையங்கோட்டையில் இந்தக் குடும்பம் ஓடுவது பெர்சிஸ் நடத்தும் யூடியூப் சேனலில்தான். ‘அசனப் பந்தி’ என்று பெயர். தாமிரபரணியை ஒட்டிய ஊர்களில் சபைகள் வைக்கும் அசன விருந்துகளுக்குப் போவார்கள். ஊரே கூடிச் சமைத்து ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதை எஸ்றா படம் பிடிப்பான், பெர்சிஸ் பேசுவாள். துபாயிலும் டொராண்டோவிலும் இருக்கிற நம்மூர்க்காரர்கள் அதைப் பார்த்து எச்சில் விழுங்குவார்கள். விளம்பர வருமானம் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு வீடியோவும் ஒரே பாட்டோடு தொடங்கும். "அறுத்த வயலில் அந்திப்பனியாய்" என்ற அறுப்பின் பண்டிகைப் பாட்டு. பாடியது சுவிசேஷமுத்து. ஆர்மோனியமும் அவரே. பதிவு செய்தது எஸ்றாவின் கைப்பேசி. அப்படியிருக்க, மதுரையில் இருக்கும் ஓர் இசைக் கம்பெனி அந்தப் பாட்டு தங்களுடையது என்றது. முதலில் விளம்பரப் பணத்தை மட்டும் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பெர்சிஸுக்குக் கோபம் வந்துவிட்டது. மாமா பாட்டில் எவனோ பங்கு கேட்பதா என்று, ‘முழு உரிமையும் என்னுடையது’ என்ற கட்டத்தைத் தட்டி ஆட்சேபம் அனுப்பினாள். கம்பெனி பதில் பேசவில்லை. இரண்டு வீடியோக்களை நீக்க வைத்தது. சேனல்மீது இரண்டு ஸ்டிரைக் விழுந்தது. மூன்றாவது விழுந்தால் சேனலே இருக்காது. வெள்ளிக்கிழமை கெடு அந்த மூன்றாவதுக்குத்தான்.

"அவன் சொல்லுத அந்த ஒண்ண மட்டும் நாமளே எடுத்துட்டா என்னல?" என்று கேட்டாள் சாரம்மாள்.

"அடுத்ததப் புடிப்பான். எல்லாத்துலயும்தான் பாட்டு இருக்கே."

"அப்ப பாட்ட மட்டும் எடுத்துரு."

"பந்தி ஓடும்போது பேச்சுக்கு அடியிலயும் அதான் ஓடுது. பாட்ட உருவுனா பேச்சும் சேந்து வந்துரும். இது என்ன உன் முருங்கைக்கீரையா, காம்ப விட்டுட்டு இலைய மட்டும் உருவ?"

"என் கீரைய ஏம்ல இழுக்க?"

சிவகணேஷ் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். எஸ்றாவோடு ஒன்றாய்ப் படித்தவன். இருவரும் படித்த பள்ளிக்கூடத்தில் சுவிசேஷமுத்துதான் எழுத்தர். இன்றைக்கும் அவர் முன்னால் அவன் கால்மேல் கால் போடுவதில்லை.

"கவலைப்படாதிய. நம்ம பக்கத்துல இருந்து ஒரு எதிர்மனு போடலாம். பாட்டு எங்க சொந்தப் பாட்டு, சத்தியமாச் சொல்லுதோம்னு. சார்வாள் ஒரு உறுதிமொழி கையெழுத்துப் போட்டுத் தந்தா அதயும் சேத்து அனுப்பிருவோம். டைப் அடிச்சே கொண்டாந்துட்டேன்."

"வக்கீல் ஆனாலும் ஆன, வீட்டுப்பாடம் இப்பதாம்ல ஒழுங்காச் செய்யுத," என்றார் சுவிசேஷமுத்து, தாளை வாங்கிக்கொண்டே. எஸ்றா சிரித்தான். பெர்சிஸுக்கும் மூச்சு கொஞ்சம் லேசானது.

மாமாவுக்குக் கையெழுத்துப் போடுவதென்றால் பிரியம் என்பது அவளுக்குத் தெரியும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சிக்கு எழுதுவார். சமாதானபுரத்தில் பஸ் நிற்கவில்லை என்றால் பணிமனைக்கு எழுதுவார். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் வரிசையாக இருக்கும். அடியில் அவர் பெயர், ஒரு எழுத்து சாயாமல்.

அவர் பேனாவைத் திறந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"‘மேற்படி பாடலின் வரிகளும் மெட்டும் என்னால் மட்டுமே இயற்றப்பட்டவை என்று சத்தியப் பிரமாணமாக உறுதி கூறுகிறேன்.’"

"அதுக்குக் கீழ சார்வாள்," என்று இடத்தைக் காட்டினான் சிவகணேஷ்.

பேனா தாளுக்கு மேலே நின்றது. இறங்கவில்லை.

"மெட்டு என்னது," என்றார்.

"ஆமா சார்வாள்."

"மெட்டு என்னதுன்னு மட்டும் போடு."

"அப்ப வரி?"

சாரம்மாளின் விரல்கள் கீரைக்காம்பில் அப்படியே நின்றுவிட்டன. சுவிசேஷமுத்து பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். வேதாகமத்தை மூடி அலமாரியில் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டார்.

"ஐயர் வீடு வரைக்கும் போயிட்டு வாரேன்."

ஐயர் என்றது போதகரை. இந்த நேரத்தில் அவரிடம் என்ன வேலை என்று யாருக்கும் விளங்கவில்லை. கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அடுக்களையிலிருந்து பால் தீய்ந்த வாசனை வந்தது.

அடுப்பைத் துடைக்கிற சாக்கில் சாரம்மாளும் உள்ளே வந்தாள். பெர்சிஸின் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள்.

"பாட்டோட வார்த்தை உங்க மாமா தங்கச்சி எழுதினது."

"யாரு அத்தை? பாபநாசத்துல இருக்காங்கன்னு சொல்லுவீங்களே, அவங்களா?"

"ஃபெபி. நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல இந்தா இந்த அடுக்களையிலதான் உக்காந்து எழுதுவா. எழுதி எழுதி எங்கிட்டதான் பாடிக் காட்டுவா. அந்த வருசப் பண்டிகைக்கு உங்க மாமா மெட்டுப் போட்டாங்க. அடுத்த வருசம் அவ பிள்ளைமார் வீட்டுப் பையன் ஒருத்தர கட்டிக்கிட்டுப் போயிட்டா. அன்னைக்கோட பேச்சு நின்னுட்டு."

"பாட்டுத்தாள்ல எழுதினவங்க பேரு இருக்குமே."

"நம்ம சபையில எந்தக் காலத்துல பேரு போட்டாவ?"

உண்மைதான். பெர்சிஸ் அதை யோசித்துப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு அறுப்பின் பண்டிகைக்கும் சபையில் யாராவது ஒரு புதுப்பாட்டு எழுதுவார்கள். கலர் தாளில் அச்சடித்து வாசலில் கொடுப்பார்கள். சபையின் பேர் இருக்கும், வருஷம் இருக்கும், அச்சகத்தின் பேர்கூட இருக்கும். எழுதியவர் பேர் இருக்காது. மகிமை ஆண்டவருக்குப் போகவேண்டும், ஆளுக்குப் போகக்கூடாது என்பது வழக்கம்.

"அதனால அவ போனப்ப யாரும் அவ பேர அழிக்கக்கூட வேண்டியதில்லாமப் போச்சு," என்றாள் சாரம்மாள். "எழுதினவ போயிட்டா, பாட்டு தங்கிட்டு. மெட்டுப் போட்டவங்க வருசா வருசம் முன்னால நின்னு பாடுனாங்க. சனம் அவங்க பாட்டுன்னுட்டு. உங்க மாமா ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல."

பெர்சிஸ் கூடத்து லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை, நான் பேரு போட்டேனே."

எல்லா வீடியோவுக்கும் கீழே அவள்தான் எழுதியிருந்தாள், ‘பாடல்: சுவிசேஷமுத்து’ என்று. முதல் வீடியோ வந்த அன்று மாமாவிடம் கைப்பேசியை நீட்டிக் காட்டியதும் அவளே. அவர் படித்தார். எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி மறுபடியும் படித்தார். சிரித்தார்.

மதுரைக் கம்பெனியின் எண் அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலின் அடியில் இருந்தது; பெர்சிஸ் கூப்பிட்டாள். போனை எடுத்த பெண் தன் பெயர் மதுமதி என்றாள். குரல் இதமாக இருந்தது. அதுவே பெர்சிஸுக்குப் பயமாகவும் இருந்தது.

"பாடினது உங்க மாமாவாவே இருக்கட்டுங்க. மெட்டும் அவரோடதாவே இருக்கட்டும். வரி தனிச் சொத்து. அத எழுதினவங்க எங்களுக்கு உரிமை எழுதிக் குடுத்திருக்காங்க. ஒரு ஆல்பத்துல பேரோட போட்டிருக்கோம்."

"அவங்க பேரு..."

"திருமதி ஃபெபி ஞானசம்பந்தன். பாபநாசம் பக்கம் விக்கிரமசிங்கபுரம். நீங்க ஆட்சேபத்துல முழு உரிமையும் என்னோடதுன்னு குடுத்தீங்க பாருங்க, அதுக்கப்புறம் நாங்க சும்மா இருக்க முடியாதுல்ல? அந்தம்மா ‘விட்டுருங்க’ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்கன்னா அன்னிக்கே எல்லாத்தையும் வாபஸ் வாங்கிருவோம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும், அவ்வளவுதான்."

எஸ்றா அதற்குள் பைக் சாவியை எடுத்துவிட்டான்.

முக்கூடல் வழியாகப் போனார்கள். இரண்டு பக்கமும் பிசானப் பருவத்துக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக இந்த மாதிரிப் பசுமையைக் கண்டால் எஸ்றா வண்டியை நிறுத்திப் படம் எடுப்பான். இன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெர்சிஸ் அவன் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடியே வந்தாள். எதைச் சொல்லத் தொடங்கினாலும் அது கெஞ்சலாகவோ சண்டையாகவோ முடிந்தது.

கதவைத் திறந்தவர் திருநீறு துலங்க நின்றார். ஃபெபியின் கணவர் ஞானசம்பந்தன். பெர்சிஸைப் பார்த்ததும் அவர் ஆள் யாரென்று கேட்கவில்லை.

"வாரும் மருமவனே. வீடியோவுல கேமராவுக்குப் பின்னாலயே நிக்கேரு, மூஞ்சி எப்படியிருக்கும்னு பாக்க முடியலையேன்னு உங்க அத்தை ஒரே புலம்பல். வா தாயி. ஃபெபி! பந்திக்காரங்க வந்தாச்சு!"

பெர்சிஸ் ஒத்திகை பார்த்ததெல்லாம் அங்கேயே மறந்துபோனது.

ஃபெபி காபித் தம்ளர்களோடு வந்தாள். மாமாவின் அதே நெற்றி. அதே மாதிரி, பேசுவதற்கு முன்னால் உதட்டை மடிக்கும் பழக்கம்.

"ஏட்டி, வீரவநல்லூர் பக்கம் ஒரு அசனம் போட்டியே, அதுல சாம்பார்ல கத்திரிக்கா போடுத நேரத்துல எவ்வளவு பேச்சு பேசுத! கத்திரிக்கா குழைஞ்சிருக்கும்."

"குழைஞ்சுதான் போச்சு அத்தை," என்றாள் பெர்சிஸ், தன்னை அறியாமல்.

"ஒண்ணு விடாம பாக்கேன். சமையலுக்காக இல்ல. முதல்ல அண்ணன் பாடுதானே, அதுக்காக." காபியை நீட்டினாள். "குரல் கொஞ்சம் கம்மிட்டு. ஆனா சுதி நிக்கி."

எஸ்றா பொறுக்க முடியாமல் நிமிர்ந்தான். "அப்புறம் ஏன் அத்தை கம்பெனிய விட்டு எங்க சேனல மூட வைக்கிய?"

"ஏவே, பையப் பேசும்," என்றார் ஞானசம்பந்தன்.

"இருக்கட்டும், கேக்கட்டும்." ஃபெபி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பழைய பாட்டெல்லாம் சேக்கோம்னு மதுரையில இருந்து வந்தாங்க. எழுதினவங்க பேரு போடுவோம்னாங்க. எழுதிக் குடுத்தேன். கொஞ்ச நாள் கழிச்சுப் போன் பண்ணி, யாரோ உங்க பாட்ட வச்சு விளம்பரத்துல சம்பாதிக்காங்கன்னாங்க. யாரோ இல்ல, எங்கண்ணன், பாடிட்டுப் போறான்னு சொன்னேன். அவங்கதான் கீழ படிங்கன்னாங்க. அதுவரைக்கும் நான் கீழ என்ன எழுதியிருக்குன்னு பாத்ததே இல்ல. பாட்டு முடிஞ்சதும் உன் மூஞ்சியப் பாப்பேன், அவ்வளவுதான்."

பெர்சிஸ் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"இத்தன வருசம் பேரு இல்லாமதான் இருந்தது. அதுல எனக்குக் குறை இல்ல. நம்ம வழக்கம் அது, நானும் அந்தச் சபையில பொறந்தவதானே. பேரே போடாம விட்டிருந்தா நான் வாயத் திறந்திருக்க மாட்டேன். ஆனா ஒரு பேரு போட்டுட்டிய. அது என் பேரு இல்ல. அன்னைக்குக் கம்பெனிக்காரங்ககிட்ட, உங்க இஷ்டம்னு சொல்லிட்டேன்."

"அது நான் செஞ்ச தப்பு அத்தை. எனக்குத் தெரியாது. இப்பவே மாத்திருதேன்." பெர்சிஸ் கைப்பேசியை எடுத்துவிட்டாள். "உங்க முன்னாலயே மாத்துதேன். வரிகள்னு உங்க பேரு..."

"நீ மாத்தினா நீ மாத்தினதாத்தான் இருக்கும்."

ஃபெபி காபித் தம்ளர்களை ஓரமாக நகர்த்திவைத்தாள். வெளியே கோயிலுக்குப் போகிற வேன் ஒன்று ஒலிப்பானை அழுத்திக்கொண்டே போனது.

"எங்கண்ணன் ஊருக்கெல்லாம் கடுதாசி எழுதுதான்னு கேள்விப்படுதேன். பஸ் நிக்கலன்னா எழுதுதானாம். எனக்குத்தான் எழுதல. கல்யாணத்துக்குப் பெறகு ஒரு அட்டைகூட வந்ததில்ல. அவன் எழுதட்டும். எழுதினா கம்பெனிக்கு நான் என்ன சொல்லணுமோ சொல்லுதேன். எழுதலைன்னா ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

"எழுதச் சொல்லுதோம் அத்தை," என்றான் எஸ்றா அவசரமாக. "இன்னைக்கே."

"எழுதச் சொல்லு. என்ன எழுதணும்னு சொல்லிக் குடுக்காத." அவள் எஸ்றாவைப் பார்க்கவில்லை, பெர்சிஸைப் பார்த்தாள். "சொல்லிக் குடுத்தா எனக்குத் தெரிஞ்சிரும்."

வாசல்வரை வந்த ஞானசம்பந்தன் வண்டியின் பக்கத்தில் நின்று குரலைத் தாழ்த்தினார். "தாயி, அவ ரெண்டு நாளா வீடியோ பாக்கல. டிவிய போட்டாலும் அணைச்சுப்போடுதா. என்ன செய்வான்னு எனக்கே தெரியல." ஆறுதலாகத்தான் சொன்னார். பெர்சிஸுக்கு வழியெல்லாம் அந்த வார்த்தை உறுத்திக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்தபோது சுவிசேஷமுத்து சாப்பாட்டு மேசையில் இருந்தார். எதிரில் தாள்கட்டு. எஸ்றா செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவர் தாள்கட்டைத் தட்டிச் சீராக்கியபடி கேட்டார். அத்தை ஒரு வீடியோ விடாமல் அவர் பாடுவதைக் கேட்பாள் என்ற இடத்தில் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சுதி நிக்கின்னு சொன்னாளா?"

"கம்மிட்டுன்னும் சொன்னாங்கப்பா."

"அதச் சொல்லாம இருக்க மாட்டாளே."

அவர் எழுதத் தொடங்கினார். சாரம்மாள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"‘பெறுநர்... பொருள்: பாடல் உரிமை தொடர்பாக...’ ஏங்க, தங்கச்சிக்கு எழுதுதியளா, தாசில்தாருக்கு எழுதுதியளா?"

அந்தத் தாள் கசங்கி மேசைக்கு அடியில் போனது. இரண்டாவது தாளும் போனது. எஸ்றா கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"அப்பா, ஒரே ஒரு வரி. ‘கம்பெனியிடம் சொல்லி வாபஸ் வாங்க வைக்கவும்’னு. அது போதும். மத்தது நீங்க என்ன வேணா எழுதுங்க."

"எஸ்றா, சொல்லிக் குடுக்காதன்னாங்கல்லா," என்றாள் பெர்சிஸ்.

"வெள்ளிக்கிழமை சேனல் போயிட்டா நீ எதுல பேசுவ? நான் என்னத்த..." அவன் முடிக்கவில்லை. "சரி, எழுதி எங்கையில குடுங்கப்பா. ராத்திரிக்குள்ள கொண்டுபோய்ச் சேத்துருதேன்."

"உங்கையில குடுத்தா நீ அம்பாசமுத்திரத்துலயே பிரிச்சுப் படிச்சிருவ," என்றார் சுவிசேஷமுத்து, தலை நிமிராமல். "தபால்ல போகட்டும். நான் தபால்லதான் அனுப்பினேன்னு அவளுக்குத் தெரியணும்."

"நாளைக்கு மழை கொட்டி வண்டி தாமதமாச்சுன்னா?"

"தாமதமாகும்."

பெர்சிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் பேனா நகர்வதைப் பார்ப்பதுமாக நின்றாள். இந்த முறை அவர் நிறுத்தாமல் எழுதினார். முடித்ததும் யாருக்கும் காட்டாமல் உறைக்குள் போட்டார். ஒட்டவில்லை. ஒட்டாமலே குடையை எடுத்தார்.

"பெர்சிஸ், நீ வா. எஸ்றா, வண்டிய எடு."

தபால் நிலையத்தில் கவுன்ட்டரை மூடுகிற நேரம் நெருங்கியிருந்தது. மூன்று பேர் ஒரு வண்டியில் போனது போலீஸ்காரர் கண்ணில் படவில்லை என்பதே பெரிய விஷயம். எஸ்றா வெளியே வண்டியோடு நின்றான். சுவிசேஷமுத்து நேரே சன்னல் அருகே போனார்.

"ரிஜிஸ்டர் தபால், அக்னாலட்ஜ்மென்ட்டோட."

"அண்ணாச்சி, ரிஜிஸ்டர்லாம் ஸ்பீடு போஸ்ட்டோட சேத்தாச்சே. போன தடவையும் சொன்னேம்லா?" என்றார் கவுன்ட்டரில் இருந்த தாஜ் முகம்மது. "கவர ஒட்டிட்டுக் குடுங்க, எடை போடணும்."

சுவிசேஷமுத்து பசை டப்பா இருந்த மேசைக்குத் திரும்பினார். பசையைத் தொடவில்லை. உறையிலிருந்து தாளை எடுத்துப் பெர்சிஸிடம் நீட்டினார்.

"படிச்சிரு. தப்பு இருந்தா சொல்லு."

அவர் எழுதியதை யாரையும் சரிபார்க்கச் சொல்லி அவள் பார்த்ததில்லை. வாங்கினாள்.

‘அன்புள்ள ஃபெபிக்கு,

அறுத்த வயலில் என்ற பாட்டின் வார்த்தைகள் எல்லாம் உன்னுடையவை. மெட்டு மட்டும் என்னுடையது. சபையில் இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மருமகள் என் பெயரைப் போட்டுக் காட்டியபோது எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். பார்க்க நன்றாக இருந்தது. விட்டுவிட்டேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டாம் சரணத்தில் காய்ந்த வாய்க்கால் என்று நீ எழுதியிருந்தாய். பண்டிகை நாளில் அது வேண்டாம் என்று நான்தான் நிறைந்த வாய்க்கால் என்று மாற்றினேன். அந்த வருஷம் வாய்க்கால் காய்ந்துதான் கிடந்தது. நீ எழுதியதே சரி.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிவில் சபைக்கு முன்னால் எழுந்து, அந்தப் பாட்டு யாருடையது என்று சொல்லப்போகிறேன். இன்று காலை ஐயரிடம் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்
சுவிசேஷமுத்து’

பெர்சிஸ் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"மாமா, வெள்ளிக்கிழமையப் பத்தி ஒண்ணுமே இல்லையே."

"இல்ல."

"கம்பெனி, சேனல்..."

"அத எழுதினா, அதுக்காகத்தான் இதையெல்லாம் எழுதினேன்னு ஆயிரும்லா." அவர் குரல் தணிந்திருந்தது. "வீடு ஓடுதது அதுலதான்னு எனக்குத் தெரியாதாம்மா? தெரியும். அதாலதான் உங்கையில குடுத்தேன். வேணும்னா நீ ஒரு வரி எழுது. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

மேசையில் நூலில் கட்டிய பேனா கிடந்தது. கையெழுத்துக்குக் கீழே பாதிப் பக்கம் காலியாக இருந்தது. ஒரு வரி என்ன, பத்து வரி எழுதலாம். வீட்டுச் செலவை எழுதலாம். ஓரிடம் விடாமல் அலைந்து எடுத்த வீடியோக்களை எழுதலாம். மூடிய கதவு மாதிரி இருந்த ஃபெபியின் முகத்தை நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு நடுவில் எழுந்து நிற்கப்போகிற இந்த மனிதரையும் நினைத்தாள். வெளியே எஸ்றா வண்டியின் ஆக்ஸிலேட்டரைச் சும்மா திருகிக்கொண்டிருந்தான்.

"அம்மா, சாக்கு கட்டப் போறோம்," என்று குரல் கொடுத்தார் தாஜ் முகம்மது.

பெர்சிஸ் பேனாவைத் தொட்டாள். தொட்டுவிட்டு, அதைத் தள்ளிவைத்தாள். தாளை மூன்றாக மடித்து உறைக்குள் போட்டாள். பசைக்குச்சியால் விளிம்பில் ஒரு முறை தடவி, போதாது என்று மறுபடியும் தடவி, பெருவிரலால் அழுத்தி ஒட்டினாள். சன்னலுக்குள் நீட்டினாள்.

"நாளைக்குப் போயிருமா அண்ணாச்சி?"

"நாளைக்கோ நாளன்னைக்கோ."

அவர் எடை போட்டு, ஒட்டுத்தாளை அழுத்தி, உறையைப் பின்னால் இருந்த சாக்குக்குள் எறிந்தார். கயிறு இறுகியது.

வாசலில் எஸ்றா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த வரி இருக்கா?"

"ஒட்டியாச்சு," என்றாள் பெர்சிஸ், வண்டியில் ஏறிக்கொண்டே.